கடைக்கோடியும் கொடுமுடியும்

புவியியல் பயிலும் மாணவன் முதலில் மனப்பாடம் செய்வது எல்லைகளைத்தான். ஒரு நாட்டின் வடகோடி எது, தென்கோடி எது, மிக உயர்ந்த சிகரம் எது, அதன் உயரம் எத்தனை மீட்டர் என்று கேட்காத வினாத்தாளே இல்லை. மனிதனுக்கும் இயல்பாகவே கோடியைக் கண்டால் ஓர் ஆசை. கன்னியாகுமரிக்குப் போகிறவர் கடைசிப் பாறையில் கால் வைத்தால்தான் போய் வந்ததாக எண்ணுகிறார். மலைக்குப் போகிறவருக்கு உச்சியைத் தொடாமல் மனம் ஆறுவதில்லை. "இதற்கு அப்பால் இல்லை, இதற்கு மேல் இல்லை" என்று சொல்லக்கூடிய இடத்தில் ஒரு நிமிடம் நிற்பதில் அப்படி என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை தந்த தீவு ஒன்று உண்டு. ரீயூனியன் என்பது அதன் பெயர். சென்ற கோடை விடுமுறையில் அங்கே ஐந்து நாட்கள் சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்த அனுபவத்தை நம் கல்லூரி ஆண்டு மலரின் வாயிலாக மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதில் மகிழ்ச்சி அடைகிறேன்.

இந்துமாக் கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது ரீயூனியன். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். முன்பு பூர்போன் என்று வழங்கப்பட்ட இத்தீவு 1946 முதல் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டம். அங்கே செலாவணி யூரோ. தீவு முழுவதும் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. கடலுக்கு மேல் தெரிவது அந்த மலையின் தலைப்பகுதி மட்டுமே. கடலடித் தரையிலிருந்து அளந்தால் அதன் உயரம் ஏறத்தாழ 7,000 மீட்டர்!

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. பூமியின் ஆழத்தில் ஓரிடத்தில் அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேலே நிலத்தட்டு மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. தட்டு நகர நகரப் புதுப்புது இடங்களில் நெருப்பு வெளிப்படும். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த அடுப்பின் மேல் இருந்தது நம் இந்திய நிலம். தக்காணத்தின் கருங்கற் படிவுகள் அன்று பொங்கி வழிந்தவையே. பிறகு நம் நிலம் வடக்கே நகர்ந்தது. வழியில் இலட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றின் அடித்தளங்களும், பின்னர் மொரீசியசும் உருவாயின. இப்போது அந்த அடுப்பின் மேல் இருப்பது ரீயூனியன். ஆக, மும்பைக்கும் புனேவுக்கும் இடையே நாம் காணும் கரும்பாறைகளுக்கும் அத்தீவுக்கும் தாய் ஒருத்தியே.

என் தங்கையின் மகன் மொரீசியசில் ஒரு நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறான். அங்கிருந்து ரீயூனியனுக்கு விமானத்தில் ஒரு மணி நேரங்கூட ஆவதில்லை. பிரெஞ்சும் கிரியோல் மொழியும் அவனுக்கு நன்கு வரும். சிகரங்களையும் முனைகளையும் கணக்கு வைத்துக்கொண்டு பார்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு குறிப்பேடு. "மாமா, தென்முனை ஒன்று, கீழ்முனை ஒன்று, உயர்ந்த சிகரம் ஒன்று, எரியும் மலை ஒன்று. நாலையும் முடித்துவிட்டுத்தான் திரும்புகிறோம்" என்றான். "முடிப்பதற்கு அது என்ன பரீட்சையா?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பட்டியலை எழுதி எண் இட்டான்.

முதல் நாள் தென்முனை. சேன் ஜோசப் ஊரைக் கடந்து லான்ஜெவேன் என்னும் சிற்றூரின் கடற்கரைக்கு வந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தென்கோடி இதுதான். ஐரோப்பா எங்கே, மகர ரேகையை நெருங்கி நிற்கும் இந்தக் கருங்கற் கரை எங்கே! அரசியல் வரைபடம் செய்யும் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று. அலைகள் கரிய கற்களில் மோதி வெண்மையாய்ச் சிதறின. அங்கிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டால் அண்டார்க்டிகா வரையில் அந்தக் கோடு எந்த நிலத்தையும் தொடாது. மருமகன் முனையில் நின்று படம் எடுத்துக்கொண்டான். குறிப்பேட்டில் முதல் எண்ணுக்கு எதிரே சரிக்குறி விழுந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆற்றோரம் எங்கும் குடும்பம் குடும்பமாக மக்கள். கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிப் பெரிய பாத்திரங்களில் சோறும் கறியும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதற்குச் சொல்லும் பெயரும் 'காரி'தான். நம் கறி என்னும் சொல் கப்பலேறிப் போய் அங்கே நிலைத்துவிட்டது. அவர்களில் ஒருவர்கூட முனைப் பக்கம் பார்க்கவில்லை. நமக்குக் கடைக்கோடி, அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு. கோடி என்பது வெளியூர்க்காரன் கொண்டுவரும் கண்ணாடி போலும் என்று அப்போது தோன்றிற்று.

மறுநாள் கீழ்க்கரை வழியே சென்றோம். சாலையின் இருபுறமும் தாழைமரங்கள். சேன் பிலிப் ஊருக்கு அருகே மேசை முனை என்று பொருள்படும் பெயருடைய ஓரிடம் இருக்கிறது. 1986 மார்ச்சில் எரிமலைக் குழம்பு இங்கே கடலுக்குள் இறங்கி உறைந்தது. சுமார் 25 ஹெக்டேர் புது நிலம் தீவோடு சேர்ந்தது. நான் அதன்மேல் நடந்தேன். கயிறுபோல் முறுக்கிக்கொண்டும், துணிபோல் மடிந்தும் கிடந்தது பாறை. நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்! நம் ஊரில் பாறை என்றால் பழமைக்கே உவமை. என் காலடியில் இருந்த பாறையோ என்னைவிட வயதில் இளையது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் அந்த இடத்தில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

அதற்கும் அப்பால் 'பெரிய எரிநிலம்' என்று அவர்கள் அழைக்கும் சரிவு. மலையுச்சியிலிருந்து கடல்வரை இறங்கும் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே குழம்பு பெரும்பாலும் பாய்கிறது. தீவைச் சுற்றிவரும் நெடுஞ்சாலை இதன் குறுக்கே செல்கிறது. குழம்பு வரும், சாலை மூடிப்போகும். ஆறியபின் அதன் மேலேயே மறுபடி சாலை போடுவார்கள். சாலையோரம் ஒவ்வொரு குழம்பு ஓட்டத்துக்கும் அது பாய்ந்த ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2007 ஏப்ரலில் வந்தது அண்மைக்காலத்தில் மிகப் பெரியது. அது கடலில் இறங்கிக் கரையையே முன்னே தள்ளிவிட்டது.

அந்தக் கரும்பரப்பில் உயிர் மீள்வதைப் பார்ப்பதே ஒரு பாடம். முதலில் சாம்பல் நிறத்தில் பாசிபோல் படரும் ஒருவகைக் கற்பாசி. பிறகு பிளவுகளில் பெரணி. அதன்பின் செடி, நெடுங்காலம் கழித்து மரம். அருகருகே கிடக்கும் ஓட்டங்களின் பசுமையைக் கண்டே எது மூத்தது, எது இளையது என்று சொல்லிவிடலாம்.

கீழ்முனை அங்கிருந்து வடக்கே, அருவிகளின் குடா என்னும் இடத்தை ஒட்டி இருக்கிறது. பாறைச்சுவரிலிருந்து மெல்லிய அருவிகள் விழ, கீழே பனைவகை மரங்களின் நிழலில் படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டாம் சரிக்குறியும் விழுந்தது. மருமகன் கடிகாரத்தைப் பார்த்தான். அன்று மாலைக்குள் மலையடிவாரம் போய்ச் சேர வேண்டும் என்பது அவன் திட்டம்.

ஆனால் வழியில் பித்தோன் சேன்த் ரோஸ் என்னும் ஊர் குறுக்கிட்டது. 1977 ஏப்ரலில் குழம்பு தன் வழக்கமான பள்ளத்தாக்கை விட்டு வெளியே வெடித்து இந்த ஊருக்குள் புகுந்தது. மக்களை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் பல போயின. ஊர் மாதா கோயிலை நோக்கி வந்த குழம்பு, அதன் வாசலில் தடைப்பட்டு இருபுறமும் பிரிந்து ஓடிவிட்டது. இன்றும் கோயிலைச் சுற்றிக் கரும்பாறை மதில்போல் நிற்கிறது. குழம்பின் மாதா என்றே அதற்குப் பெயராகிவிட்டது.

அந்தக் கோயிலின் எதிரே, மர நிழலில் எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நாங்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு எழுந்து வந்தார். நிறமும் முகமும் நம்மூர்ச் சாடை. மருமகனிடம் கிரியோலில் கேட்டார்: "நீங்கள் பேசுகிறீர்களே, இதுதான் தமிழா?"

இத்தீவில் அடிமை முறை 1848 டிசம்பர் 20 அன்று ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அவர்களில் மிகுதி. 1882-இல் பிரிட்டிஷ் அரசு இந்த ஆளெடுப்பை நிறுத்தியது. அவர்களுடைய வழிவந்தோரை அங்கே மலபார் என்று அழைக்கிறார்கள். மலையாளக் கரைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மொழி வீட்டைவிட்டுப் போய்விட்டது. ஆயினும் கோயில் இருக்கிறது, தீமிதி இருக்கிறது, காவடி இருக்கிறது.

பெரியவர் தம் அடையாள அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். குடும்பப் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நீண்டு கிடந்தது. உற்றுப் பார்த்தால் நம்மூர்ச் சாமி பெயர்தான். நான் அதை நம் வழக்கப்படி உரக்கப் படித்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் பாட்டி இப்படித்தான் சொல்வாள். அவள் போனபின் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை" என்றார். தமிழில் எழுதித் தரச் சொன்னார். மருமகன் தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தான். எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டாக மடித்து அட்டையோடு வைத்துக்கொண்டார்.

"நீங்கள் பிறந்த ஊர் இதுதானா?" என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் கோயிலுக்குப் பின்னே கிடந்த கரும்பாறையைக் காட்டினார். "அதோ, அங்கே. அப்போது எனக்கு இருபது வயது. அம்மா அரிசிப் பானையையும் சாமி படத்தையும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் வந்து பார்த்தோம். புகைதான் இருந்தது."

"பிறந்த வீடு போய்விட்டதே" என்று நான் வருந்திச் சொன்னதை மருமகன் மொழிபெயர்த்தான். பெரியவர் தலையை அசைத்தார். "போகவில்லை. கீழே இருக்கிறது" என்றார். வேறிடம் போக நினைக்கவில்லையா என்று கேட்டதற்கு, "எங்கே போவது? என் தாத்தாவின் தாத்தா கடல் தாண்டி வந்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை கடல் தாண்டினால் போதாதா?" என்று சிரித்தார். இப்போது அவர் வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறதாம். திட்டப்படி அன்று மலையடிவாரம் போய்ச் சேர இருட்டிவிட்டது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சிலாவோஸ். மூன்று பெரும் வட்டப் பள்ளங்கள் தீவின் நடுவே முக்கோணமாய் அமைந்துள்ளன. அவற்றில் ஒன்று இது. சலாசி, மஃபாத் என்பன மற்றவை. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் இவற்றில்தான் ஒளிந்து வாழ்ந்தார்கள். மஃபாத்துக்கு இன்றும் சாலை கிடையாது. சிலாவோசுக்கு 1932-இல்தான் சாலை வந்தது. நானூறு வளைவுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள்; எண்ணிப் பார்க்க என் தலைச்சுற்றல் இடங்கொடுக்கவில்லை. அதற்கு முன்பு வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்த சீமான்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கி வந்தார்களாம். நாமோ ஊர்தியில் உட்கார்ந்துகொண்டே அலுத்துக்கொள்கிறோம்.

அங்கிருந்து பித்தோன் தே நேஜ் சிகரத்துக்கு நடை. 'பனிச்சிகரம்' என்று பொருள். பனி விழுவது மிக அரிது. உயரம் 3,070 மீட்டர். இந்துமாக் கடல் தீவுகளில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. பகலில் ஏறி 2,478 மீட்டரில் உள்ள தங்கும் விடுதியில் இரவைக் கழிக்க வேண்டும். இரவு உணவு சோறு, பருப்பு, கறி. இலை ஒன்றுதான் குறை! அதிகாலை மூன்று மணிக்குக் கைவிளக்கோடு மறுபடி ஏற்றம். கடுங்குளிர். கடைசி ஒரு மணி நேரத்தில் என் வலது முழங்கால் சண்டித்தனம் செய்யத் தொடங்கிற்று. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். "மாமா, இதுவே போதும். நான் மட்டும் போய்ப் படம் எடுத்து வருகிறேன்" என்றான் மருமகன். வயது அவன் பக்கம் பேசியது. ஆனால் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை ஆண்டுதான் என்பதும் நினைவுக்கு வந்தது. மலைகளைக் கரும்பலகையில் வரைந்தே முப்பதாண்டு போயிற்று. ஒன்றையாவது காலால் அளந்துவிட வேண்டும் என்று வைராக்கியம் பிறந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினேன்.

உச்சியில் கதிரவன் எழுந்தான். கிழக்கே மேகங்கள் பஞ்சுப்பொதிபோல் கடலை மூடிக் கிடக்க, மேற்கே எங்கள் மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாய் நீண்டு விழுந்தது. தென்கிழக்கில் எரியும் மலை. கண்கொள்ளாக் காட்சி என்பது சொல்லிப் பழகிய சொல்தான். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த மகத்தான சிகரம் ஓர் அணைந்த மலை. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்பே அதன் நெருப்பு அடங்கிவிட்டது. அன்றுமுதல் மழை அதைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. எப்பேர்ப்பட்ட மழை தெரியுமா? 1966 ஜனவரியில் வீசிய புயலின்போது இத்தீவின் மேட்டு நிலத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. அது உலகச் சாதனை. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பதைவிட அதிகம்! 2007 பிப்ரவரியில் மூன்றே நாட்களில் 3,930 மில்லிமீட்டர். நாங்கள் நின்ற உச்சி, கரைந்தது போக மிச்சம். உயரத்தில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் அது இறங்கிக்கொண்டிருக்கும் முதல்வன்.

கடைசியாக எரியும் மலை. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், அதாவது உலைச்சிகரம். உயரம் 2,632 மீட்டர். செம்மண்ணும் கரியும் கலந்த மணல்வெளியைக் கடந்து பள்ளத்தின் விளிம்புக்கு வந்தால் எதிரே அகன்ற மேடாக அது தெரிகிறது. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் இது ஒன்று. 1977 நிகழ்ச்சிக்குப் பிறகு, 1979 முதல் ஓர் ஆய்வுக்கூடம் இதன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நடுக்கம் மிகுந்தால் பள்ளத்தில் இறங்கும் வழியின் கதவைப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் சென்ற அன்று திறந்திருந்தது. என் முழங்காலை முன்னிட்டு விளிம்பிலேயே நின்றேன். மருமகன் வெள்ளைச் சாயம் பூசி அடையாளமிட்ட பாதையில் உச்சிவரை போய் வந்தான். 2007 ஏப்ரலில் அங்குள்ள பெருவாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. அடியில் இருந்த குழம்பு வெளியே ஓடிவிட்டதால் மேலிருந்த தரை தாங்கவில்லை.

ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், மலையின் வாய் தாழ்ந்தது, கடற்கரை நீண்டது. உச்சியில் இழந்ததைக் கரையில் வரவு வைத்துக்கொண்டது அந்தத் தீவு.

அன்றிரவு விடுதியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஓர் எரிமலைத் தீவில் தென்கோடி, கீழ்க்கோடி, உச்சி என்பவை இடங்கள் அல்ல, அவை தேதிகள். இது அத்தீவுக்கு மட்டும் உரிய உண்மையும் அன்று. நம் நாட்டின் தென்கோடியாகிய இந்திரா முனை, 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் சுமார் 4 மீட்டர் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டதை நாம் அறிவோம். மண் நகர்கிறது, வளர்கிறது, கரைகிறது. நம் ஆயுள் குறுகியது என்பதால் அதை அசையாச் சொத்து என்று பத்திரத்தில் எழுதிக்கொள்கிறோம்.

மனிதர்கள் "இது எங்கள் மண், நாங்களே முதலில் வந்தோம்" என்று ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இனி அந்தப் பெரியவரின் நினைவு வரும். மனிதர் யாருமே இல்லாத தீவு அது. வந்தவர்களே எல்லாரும். சிலர் விரும்பி வந்தார்கள்; பலர் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்; நம்மவர் கைநாட்டு வைத்து வந்தார்கள். அவர் பிறந்த மண்ணையே நெருப்பு மூடிவிட்டது. காட்டுவதற்குப் பழைய சுவர்கூட இல்லை. ஆனாலும் அது அவருடைய ஊர். பழமையால் அன்று, பத்திரத்தால் அன்று. மறுநாள் திரும்பி வந்து பார்த்ததால், அருகிலேயே அடுப்பு மூட்டியதால்.

மருமகன் குறிப்பேட்டை எடுத்தான். நான்காம் எண்ணுக்கும் சரிக்குறி போட்டான். பிறகு சற்று யோசித்து, நான்கு வரிகளுக்கும் எதிரே நாங்கள் அங்கே நின்ற நாளையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதினான்.

மாணவ நண்பர்களே, நீங்களும் நாளை எத்தனையோ சிகரங்களில் ஏறுவீர்கள். எத்தனையோ முனைகளைக் காண்பீர்கள். உயரத்தைக் குறித்துக்கொள்ளும்போது ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கி வரும் வழியில் அங்கே குடியிருப்பவர் எவரேனும் பேச்சுக் கொடுத்தால், பட்டியலைப் பையில் வைத்துவிட்டு நின்று கேளுங்கள்.